பத்தரை வோல்ட்

தொண்ணூற்றைந்தாம் வருஷத்து புரோட்டோன் வீரா.
நான்காவது சொந்தக்காரி நான்.
ஏர்கோன் உண்டு, ரேடியோ உண்டு,
ஹெட்லைட்டும் உண்டு
என்று விற்றவன் சொன்னான்.

பாயான் லெப்பாஸில் பதினொரு மணிக்கு ஷிப்ட் முடிந்து
துன் சார்டோன் சாலையில் மலையேறி
பாலிக் புலாவ் பக்கம் இறங்க வேண்டும்.
தார்மேல் விழுகிற வெளிச்சம்
ஆறிப்போன தே ஓ நிறம்,
அதிலும் ஐஸ் கரைந்தது.

ஹை பீம் போடேன், என்றான் தம்பி.
போட்டேன்.
எதிரே வந்த லாரி தன் முழுக் கோபத்தையும்
என் கண்ணில் கொட்டிவிட்டுப் போனது.
நீல பல்ப் மாட்டு, என்றாள் கேண்டீன் சுஹைலா.
அவள் கணவன் மாட்டியிருக்கிறான்.
அவனுக்கு எல்லாம் தெரிகிறது.
அவனுக்கு எதிரே வருகிறவருக்கு
ஒன்றும் தெரிவதில்லை.
பக்கத்து வீட்டு இன்னாசி
பற்பசை தேய்த்துக் கொடுத்தார்.
வீராவுக்குக் கண்ணாடி லென்ஸ்,
மஞ்சளாவது பிளாஸ்டிக்தான் என்று சொல்வதற்குள்
காருக்குப் புதினா வாசம் வந்துவிட்டது.

மழை விட்ட ஒரு வியாழன்.
ஒன்பதாவது வளைவில்
கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை,
சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருவர்.
நான் பார்த்தபோது
சைட் மிரர் அவர் முழங்கையைத் தொடும் தூரம்.
பிரேக் அலறி ஓய்ந்த பிறகும்
நாங்கள் இருவரும் நகரவில்லை.
பிறகு, தப்பு செய்தவர்போல
அவர் கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்டார்.

அவர்.

ஞாயிறு காலை பானெட்டைத் திறந்தேன்.
நகத்தைவிடச் சின்னச் சில்லுகளுக்கு
நாள் முழுக்க நாடி பிடிக்கிறவள்,
சொந்தக் காருக்கு ஒருநாளும் பிடித்ததில்லை.
எஞ்சின் ஓட ஓட
பேட்டரியில் பதினாலு.
பல்பின் காலில் பத்தரை.
நடுவே மூன்றரை வோல்ட்
யார் வீட்டுக்குப் போகிறது?

முடிபோல ஒரு ஒயர்
ஸ்டியரிங் அடிவரை போய்
தேய்ந்த சுவிட்சுக்குள் நுழைந்து
மறுபடி இவ்வளவு தூரம் திரும்பி வருகிறது.
கிரௌண்ட் ஆணியில் பச்சைக் களிம்பு.
என் முதல் சம்பளச் சீட்டு ஞாபகம் வந்தது:
இபிஎஃப், சொக்சோ, வேன் காசு, முன்பணம்,
கடைசி வரியில் எனக்கு.

பாயா தெருபோங்கில் கூ கடை.
இரண்டு ரிலே, தடித்த ஒயர், ஃபியூஸ்,
முப்பத்தெட்டு ரிங்கிட்.
பல்ப் வேண்டாமா, என்றார் கூ.
வேண்டாம். அது பாவம், பட்டினி மட்டும்தான்.

இனி பேட்டரியிலிருந்து நேரே சோறு.
பழைய ஒயர் எதையும் சுமக்க வேண்டாம்,
சேதி சொன்னால் போதும்.
ஆணியைச் சுரண்டிச் சுரண்டி
இரும்பு பல்லைக் காட்டும்வரை தேய்த்தேன்.
இடது கட்டைவிரலில் தோல் போனது.
பதின்மூன்று புள்ளி ஆறு.

இருட்டியதும் பாலாய் ராயா சுவரெதிரே நிறுத்தி
திருகாணியைத் திருப்பினேன்.
வலப்பக்கம் கோடு படுத்தே கிடக்கிறது.
இடப்பக்கம் மட்டும்
மெல்ல ஏறுகிறது.
எதிரே வருகிறவர் கண்ணுக்குக் கீழே,
ஓரம் நடக்கிறவர் மார்புக்கு நேரே.
எந்த ஊர் எஞ்சினியரோ,
அந்தச் சைக்கிள்காரரை
முப்பது வருஷம் முன்பே நினைத்திருக்கிறார்.
நான்தான் வந்து சேர நாளாகிவிட்டது.

திங்கள் இரவு.
வளைவுக்கு முன்னமே வெளிச்சம் போய்விட்டது.
டுரியான் கடைப் பலகை, நீலத் தார்ப்பாய்,
எதையோ நினைத்து வாலாட்டும் நாய்,
ஒற்றைச் செருப்பு.
ஆள் யாரும் இல்லை.
செவ்வாயும் இல்லை. புதனும்.
வேறு வேலைக்குப் போயிருக்கலாம்.
வேறு சாலை பார்த்திருக்கலாம்.

டாஷ்போர்டில் ஸ்பீட் மீட்டர் விளக்கு
இன்னும் எரியவில்லை.
அப்படியே விட்டிருக்கிறேன்.
அந்த வளைவில் எவ்வளவு வேகம் என்று
காலுக்குத் தெரியும்.